ஈயம் உருகிய கல்யாணம்

போன வாரம் ஆம்பூரில் என் மகள் வீட்டுக் குளியலறையில் இருந்த செம்பு பாய்லரை எடைக்குப் போட்டுவிட்டார்கள். மின்சார ஹீட்டர் வந்துவிட்டது. பழைய பாத்திரக்காரர் அதை வாசலில் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினார். உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள் கொட்டின. "இன்னா சார், பாய்லரா, சுண்ணாம்புக் காளவாயா?" என்று சிரித்தார். அடியில் ஒட்டியிருந்த சாம்பலில் மிச்சத் தண்ணீர் பட்டு ஒரு வாசனை எழுந்தது. சூட்டுச் சாம்பலில் தண்ணீர் விழுந்தால் வருமே, மூக்கில் ஏறி நிற்கிற அந்த வாசனை. என் காது மடல் சூடாகிவிட்டது. இந்த வயதில், பேரப்பிள்ளைகள் முன்னால், ஒரு வாசனைக்கு வெட்கப்பட்டுக்கொண்டு நான் உள்ளே போய்விட்டேன்.

ஏன் என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள்.

அந்த பாய்லரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு குழாய், அதில் கரி நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். கரி தின்ற ரயில் இன்ஜினும் அதே சங்கதிதான், படுக்கவைத்துப் பெரிதாக்கியது. பின்பக்கம் ஒரு செம்புப் பெட்டி. இரண்டு ஆள் உள்ளே போய்க் குந்தலாம். அதற்குப் பெயர் பயர்பாக்ஸ். அந்தப் பெட்டியைச் சுற்றிலும், அதன் தலைக்கு மேலும் தண்ணீர். பெட்டியின் முன்சுவரிலிருந்து ஏகப்பட்ட குழாய்கள் தண்ணீருக்கு நடுவே நீண்டு போய்ப் புகைக்கூண்டில் முடியும். நெருப்பின் சூடெல்லாம் அந்தக் குழாய்கள் வழியாகத்தான் போகவேண்டும். சக்கரத்தைத் தள்ளி வேலை முடித்த நீராவியைப் புகைபோக்கி வழியாக ஊதி வெளியே விடுவார்கள். அந்த ஊதல் நெருப்பை இழுக்கும். வண்டி எவ்வளவு கஷ்டப்பட்டு இழுக்கிறதோ அவ்வளவு நெருப்பு எரியும். இதை முதலில் யோசித்த ஆள் யாரோ, அவரை நினைத்தால் எனக்கு இப்போதும் கும்பிடத் தோன்றும்.

இதில் ஒரே ஒரு கட்டளைதான். பயர்பாக்ஸின் கூரை எந்நேரமும் தண்ணீரில் மூழ்கியிருக்கவேண்டும். தண்ணீர் இறங்கிக் கூரை காய்ந்தால் செம்பு இளகும். மேலே இருக்கிற நீராவி அதை அமுக்கிக் கிழிக்கும். அப்புறம் இன்ஜினும் இல்லை, ஆளும் இல்லை. அதற்காகக் கூரையில் ஒரு பித்தளைத் திருகை வைத்து அதன் நடுவில் ஈயம் ஊற்றியிருப்பார்கள். தண்ணீர் குறைந்தால் முதலில் ஈயம் உருகி ஓட்டை விழும். அந்த ஓட்டை வழியாக நீராவி இறங்கி நெருப்பை அமர்த்தும். உயிர் பிழைக்கும், மானம் போய்விடும். இன்ஜின்கள் வந்து தங்குகிற ஷெட்டில், குடித்துவிட்டு வந்த டிரைவரைக்கூட 'பாவம், வீட்ல பேஜாரு' என்று பேசுவார்கள். ஈயத்தை உருக்கியவனுக்கு அந்தப் பாவம்கூடக் கிடையாது. தண்ணீர் பார்க்கத் தெரியாதவன் என்று அர்த்தம்.

நான் அப்போது ஜோலார்பேட்டையில் பயர்மேன். வெள்ளைக்காரர் ஆட்சி. என் டிரைவர் வேறு யாருமில்லை, என் அக்கா புருஷன் தேவசகாயம். முப்பது சொச்சம் வயசு. கூட்ஸ் வண்டியிலிருந்து பாசஞ்சர் வண்டிக்கு அப்போதுதான் ஏற்றிவிட்டிருந்தார்கள். மாமா அதிகம் பேசமாட்டார். ஆனால் பாசஞ்சர் கிடைத்த பிறகு தினமும் சவரம் செய்துகொண்டார். கரியில் வேலை செய்கிறவன் சவரம் செய்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று அக்கா கேலி செய்வாள். "ஜன்னல்ல தலைய நீட்றப்போ பாப்பாங்க இல்ல" என்பார்.

எங்களுக்குக் கொடுத்த இன்ஜின் பழசு. அதன் பயர்பாக்ஸ் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கு நடுவே ஒடுங்கி ஆழமாக இறங்கியிருக்கும். நல்ல வங்காளக் கரிக்காகச் செய்தது. எங்களுக்கு வந்ததோ நைஜாம் பக்கத்துத் தூள் கரி. புதுசாக வந்த இன்ஜின்களில் பெட்டியைச் சக்கரத்துக்கு மேலே அகலமாக விரித்துவிட்டார்கள். மெல்லிசாகத் தூவினால் போதும், எந்தத் தூளையும் தின்னும். அதெல்லாம் மெயில் வண்டிக்காரர்களுக்கு. எங்கள் கிழவிக்குப் பின்மூலைகளில் கனமாகவும் முன்னால் போகப்போக மெல்லிசாகவும் கரியைச் சரிவாக அடுக்கவேண்டும். மண்வெட்டி போலிருக்கும் ஷவலைக் கதவுக்குள் விட்டு மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினால் கரி மூலைக்குப் போய் உட்காரும். அது எனக்குக் கைவந்திருந்தது. அந்தத் திமிரில் கழுத்தில் பச்சைக் கைக்குட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். இதையெல்லாம் இப்போது எழுதும்போது பக்கத்தில் யாரும் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

அந்தக் கோடையில் மாமாவின் தங்கை எஸ்தருக்குக் கல்யாணம். அப்பா இல்லாத பெண். மாமாதான் வளர்த்தார். மாப்பிள்ளை ஆம்பூரில் பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணம் ஜோலார்பேட்டை கோயிலில், மதியத்துக்கு முன்னால். மாப்பிள்ளை வீட்டார் ஆம்பூரில் ஏறவேண்டிய பாசஞ்சர் வண்டி எங்கள் முறையில் வந்து விழுந்தது. லீவு போடச் சொன்னாள் அக்கா. மாமா மாட்டேன் என்றுவிட்டார்.

"மாப்பிள்ளைய நானே இட்டுனு வர்றேன். எத்தினி பேருக்கு அது கெடைக்கும்?"

வண்டியைக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டு, குளித்து, கோட்டு மாட்டி, தங்கையைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போக நேரம் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். கோட்டு பெட்டி போட்டு ஷெட்டிலேயே மாட்டியிருந்தது.

அந்த வருஷம் பாலாறு சுத்தமாக மணலாகக் கிடந்தது. ஆம்பூர் ஸ்டேஷனில் இன்ஜினுக்குத் தண்ணீர் விடுகிற கிணறும் அடிமண்ணைத் தொட்டுவிட்டது. வேறொரு கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துத் தொட்டியை நிரப்பினார்கள். அந்தக் கிணறு தோல் பதனிடுகிற குழிகளுக்குப் பக்கத்தில் இருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. தண்ணீர் விடும்போது தோல் ஊறவைக்கிற ஆவாரம்பட்டை வாசனை லேசாக அடித்தது. ஆனால் ஆம்பூரில் எதில்தான் அந்த வாசனை அடிக்கவில்லை? காற்றே அப்படித்தான் இருக்கும். ஊர்க்காரர்கள் மூக்கு அதை எண்ணுவதேயில்லை.

மாப்பிள்ளை வீட்டார் இன்ஜினை ஒட்டிய முதல் பெட்டியில் ஏறினார்கள். மாப்பிள்ளைக்கு வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை. அவருடைய அம்மா ஞானம்மா பிளாட்பாரத்திலிருந்தே உரக்கக் கேட்டார்: "தம்பி, ஒழுங்கா ஓட்டுவியா?"

"பூவாட்டம் இட்டுனு போறேன் அத்தை" என்றார் மாமா. அவர் அவ்வளவு நீளமாக ஒரு பெண்பிள்ளையிடம் பேசி நான் பார்த்ததில்லை.

கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் புகைபோக்கிச் சத்தம் மாறியது. வறண்ட தொண்டையில் சளி கட்டினது போலக் குழகுழவென்று ஒரு சத்தம். பாய்லருக்குள் தண்ணீர் பொங்குகிறது. அழுக்கோ உப்போ அதிகமான தண்ணீர் கொதித்தால் நுரைக்கும். நுரை நீராவியோடு கலந்து புகைபோக்கி வழியாக வெளியே தெறிக்கும். எங்களுக்குப் பின்னால் சன்னலெல்லாம் திறந்து வைத்த பெட்டியின் மேல் தேநீர் நிறத்தில் மழை பெய்தது. பெண்கள் கூச்சலிட்டது இன்ஜின் இரைச்சலையும் தாண்டிக் கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை தோள்பட்டையில் பழுப்புப் புள்ளிகளோடு வெளியே தலையை நீட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

பாய்லரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட எங்கள் முகத்துக்கு நேரே ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். கேஜ் கிளாஸ். அதில் தண்ணீர் முக்கால்வாசிக்கு மேல் நின்றது. "ஜாஸ்தியா இருக்குதுடா" என்று மாமா பாய்லருக்குள் தண்ணீர் செலுத்துகிற இன்ஜெக்டரை நிறுத்தினார். அந்தச் சமயத்தில் எந்த டிரைவரும் அதைத்தான் செய்திருப்பான். தண்ணீர் அதிகமானதால்தான் தெறிக்கிறது என்று நினைத்தோம். கண்ணாடியில் நாங்கள் பார்த்தது தண்ணீரே இல்லை, நுரை. உள்ளே தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. நானோ மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வேகம் குறையக் கூடாதென்று கரியை வாரி வாரிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

விண்ணமங்கலம் தாண்டி ஓர் இடத்தில் தண்டவாள வேலை நடந்தது. மெதுவாகப் போகச் சொல்லிக் கொடி காட்டினார்கள். மாமா நீராவியைத் திறந்துவிடுகிற ரெகுலேட்டரை மூடினார். நீராவி இழுப்பது நின்றதும் நுரை அடங்கியது. கேஜ் கிளாஸில் தண்ணீர் விறுவிறுவென்று இறங்கி, அடி வளையத்துக்குக் கீழே போய், காணாமல் போனது.

மாமாவின் முகத்தை நான் பார்த்தேன். சவரம் செய்த முகம். கரிக்கு அடியில் அது வெளுத்தது தெரிந்தது.

"நெருப்ப இழுடா! கீழ தள்ளு!"

நீளக் கொக்கியைப் பயர்பாக்ஸுக்குள் விட்டு நெருப்பைக் கலைக்க ஆரம்பித்தேன். உள்ளே 'பட்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஆயிரம் பாம்பு ஒரே பெட்டிக்குள் சீறினது போல இருந்தது. கதவு வழியாக நீராவியும் சாம்பலும் திரும்பி வந்து என் முகத்தில் அறைந்தன. மாமா என் கழுத்துக் கைக்குட்டையைப் பிடித்து இழுத்து என்னைப் பின்னால் தள்ளினார். இல்லாவிட்டால் கண் போயிருக்கும். புருவம் இரண்டும் போனதோடு தப்பினேன்.

வண்டி நின்றுவிட்டது. ஈரச் சாம்பல் வாசனை. இரண்டு பக்கமும் வெயிலில் காய்ந்த கேழ்வரகுக் கொல்லை.

ரயில் நடுவழியில் நின்றால் அப்போதெல்லாம் ஜனங்கள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். எல்லோரும் இறங்கி முன்னால் வந்து இன்ஜினைச் சுற்றி நின்றார்கள். மாட்டுச் சந்தையில் படுத்துவிட்ட மாட்டைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். எங்களையும் பார்த்தார்கள். ஞானம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பட்டுப் புடவையில் பழுப்புக் கோடுகள்.

"இன்னாப்பா, தங்கச்சி கல்யாணத்துக்கு இப்டித்தான் பன்னீர் தெளிப்பியா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"வர்றப்பவே அடுப்பு அணைஞ்சு போச்சே" என்று ஞானம்மா தன் மகனைப் பார்த்துச் சொன்னார். அதை மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னதால் எல்லோருக்கும் கேட்டது.

அவர்கள் கொல்லைகளைக் கடந்து ரோட்டுக்கு நடந்து, மாட்டுவண்டி பிடித்து வாணியம்பாடி போய், அங்கிருந்து ஜட்கா வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். எங்களை இழுத்துப்போக வேறு இன்ஜின் வரவேண்டியிருந்தது. செத்த இன்ஜினில் ஏறிக்கொண்டு, இன்னொருவர் இழுக்க, சொந்த ஊருக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. கேபின்காரர், பாயிண்ட்ஸ்மேன், டீக்கடைக்காரர், எல்லோரும் நின்று பார்த்தார்கள். ஷெட்டில் உடனே வாக்குமூலம் எழுதிக்கொண்டுதான் விட்டார்கள்.

பாதிரியார் காத்திருந்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் கல்யாணம் நடந்தது. மாமா வந்தார். ஆனால் கோயிலுக்குள் வரவில்லை. கோட்டை எடுக்கக்கூட இல்லை. கரிச்சட்டையோடு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். அக்கா போய்க் கூப்பிட்டாள்.

"உள்ள வாய்யா. அது உன்னத்தான் தேடுது."

"நீ போ. அவங்க மூஞ்சில நான் எப்டி முழிக்கறது?"

வேறொரு சித்தப்பா முறைக்காரர் எஸ்தரின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். எஸ்தர் பீடத்துக்குப் போகிறவரைக்கும் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். நான் புருவமில்லாத முகத்தோடு ஒரு தூண் பக்கம் நின்றேன். ஆம்பூர்ப் பெண்கள் என்னைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதில் ஒருத்திக்காகத்தான் பச்சைக் கைக்குட்டை.

விசாரணையில் எங்கள் வெள்ளைக்கார மேலதிகாரி, துரை, ஈயம் போன வெறும் பித்தளைத் திருகை மேசைமேல் வைத்திருந்தார். கிளாஸில் தண்ணீர் இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றோம். அப்படியானால் இது எப்படி உருகியது என்றார். "தண்ணி பொங்கிச்சு சார்" என்றார் மாமா. ஆம்பூர்த் தண்ணீரில் இத்தனை வருஷம் பொங்காதது உனக்கு மட்டும் ஏன் பொங்கியது என்று கேட்டுச் சிரித்துவிட்டு எழுந்துபோனார். கல்யாணக் குஷியில் கிளாஸைப் பார்க்கவில்லை என்று முடிவு செய்தார்கள். உண்மையைச் சொல்லிப் பொய்யனாவது பெரிய அவமானம். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அடுத்த தடவை கெட்டிக்காரத்தனமாகச் சொல்லலாம். உண்மைக்கு அப்படி அடுத்த தடவை ஏது?

மாமாவை யார்டில் வண்டி கோர்க்கிற ஷண்டிங் இன்ஜினுக்கு இறக்கினார்கள். என்னை இன்ஜின் துடைக்க அனுப்பினார்கள். குழாயடியில் அக்காவுக்குப் பின்னால் 'ஈயம்' என்று ஒரு பேச்சு ஓடியது. அக்கா குடத்தை வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள். சில நாள் வீட்டில் தண்ணீரே இருக்காது.

அதே கோடையில் அந்தத் துரை வேறொரு வண்டியின் இன்ஜினில் ஏறி வந்தார். ஆம்பூரில் அந்த இன்ஜினும் தண்ணீர் பிடித்தது. குழகுழவென்று சத்தம் கேட்டதும் அந்த டிரைவர் எங்கள் கதையை நினைத்துக்கொண்டு இன்ஜெக்டரை நிறுத்தாமல் விட்டிருக்கிறார். ஈயம் பிழைத்தது. துரையின் தொப்பி பிழைக்கவில்லை. மூக்குப்பொடிக்காரன் எதிரில் நின்று தும்மினது போலப் புள்ளிபுள்ளியாகத் தொப்பியோடு ஷெட்டுக்குள் வந்து இறங்கினார். மறுவாரமே அந்தக் கிணற்றுத் தண்ணீரை நிறுத்தினார்கள். மாமாவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். அவர் வீல் சந்தில் எண்ணெய் விட்டுக்கொண்டே கேட்டார்.

"தெரியும். நான் பார்த்தது எனக்குத் தெரியாதா?"

"அப்ப போய்க் கேளு மாமா."

"கேட்டு வாங்கறதாடா அது?"

அடுத்த வருஷம் எஸ்தருக்குப் பையன் பிறந்தான். அதுவரை மாமா ஆம்பூர் வாசலை மிதிக்கவில்லை. எஸ்தர் ஆளனுப்பிச் சொன்னாள்: அண்ணன் வராமல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது. இரண்டு ஞாயிறு தள்ளிப் போட்டும் மாமா அசையவில்லை. மூன்றாவது ஞாயிறு அக்காவும் நானும் அவரை ஏறக்குறைய இழுத்துக்கொண்டு போனோம். ரயிலில் விண்ணமங்கலம் வருவதற்கு முன்னாலேயே கண்ணை மூடித் தூங்குகிறவர் போல உட்கார்ந்துகொண்டார். தூங்குகிறவன் கை அப்படி இருக்காது. இரண்டு கையும் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தது.

ஞானம்மா சமையல்கட்டில் விருந்துக்கு உலை வைத்திருந்தார். எங்களைப் பார்த்து "வாங்க" என்றார். அதற்கு மேல் இல்லை. மாமா வாசல்படியிலேயே நின்றார். எனக்குத் தாங்கவில்லை. பெரிய பானையில் சோறு கொதித்து நுரை விளிம்புவரை ஏறி நின்றது. நான் சமையல்கட்டுக்குள்ளேயே போய்விட்டேன்.

"பெரியம்மா, இந்தப் பானைல தண்ணி எவ்ளோ இருக்குது?"

"இன்னாத்துக்குக் கேக்கற? அதான் பொங்கி நிக்குதே."

"விறக இழுங்க."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விறகை வெளியே இழுத்தார். நுரை அடங்கிப் பாதிப் பானைக்கு இறங்கியது. "எங்க இன்ஜின்லயும் அன்னைக்கு இதான் நடந்துது. கண்ணாடில நெறைய இருக்கறாப்ல காட்டுச்சு. மூடின உடனே எறங்கிடுச்சு. அப்புறம் வந்த துரைக்கும் அதே தண்ணி பொங்குச்சு" என்றேன்.

ஞானம்மா பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டி கையில் அப்படியே நின்றது.

"இத அன்னைக்கே சொல்றதுக்கு இன்னா?" என்றார் கடைசியில், வாசல் பக்கம் திரும்பி.

"சொன்னா சாக்குன்னுவீங்க அத்தை" என்றார் மாமா.

அந்த அம்மாளின் முகம் கன்றிப்போனது. முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். "அடுப்பு அணைஞ்சுதுன்னு வேற சொல்லிட்டனே. இந்தப் பொண்ண எத்தினி வாட்டி சொல்லிக் காட்டியிருப்பேன்" என்றார். எஸ்தர் பிள்ளையோடு உள்கதவருகே நின்றுகொண்டிருந்தாள். ஞானம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டு போய் மாமாவின் கையில் வைத்தார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஞானம்மா அத்தோடு விடுகிற மனுஷி இல்லை. கோயில் வாசலில், விருந்துப் பந்தியில், வந்தவர் போனவர் எல்லோரையும் பிடித்துவைத்துச் சொன்னார். "எங்க மருமவ அண்ணன் மேல தப்பே இல்ல, தெரியுமா? தண்ணி பொங்கிச்சாம். நம்ம சோத்துப் பான மாதிரி." மேல்விஷாரத்திலிருந்து விருந்துக்கு வந்த, விஷயமே தெரியாதவர்கள்கூட அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஆட்கள் திரும்பி மாமாவைப் பார்த்தார்கள். அவர் பிள்ளையின் முகத்தில் தன் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"போதும் அத்தை, விடுங்க" என்று கெஞ்சினார்.

பட்ட அவமானம் போகவே இல்லை. அதைத் துடைக்கிறதாக நினைத்து ஊர் முழுக்கத் தடவிவிட்டோம். ஆரம்பித்துவைத்தது நான். இன்றைக்கும் காது சுடுவது கல்யாணத்தை நினைத்தா, அந்த விருந்தை நினைத்தா என்று எனக்கே தெரியவில்லை.

ஷெட்டில் அவர் பேரில் இருந்த குற்றத்தை யாரும் நீக்கவில்லை. பல வருஷம் கழித்து மறுபடி கூட்ஸ் வண்டி கொடுத்தார்கள். பாசஞ்சர் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கரிச்சட்டை போட்டுக்கொண்டே ரிட்டையர் ஆனார். சவரம் மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுங்கிப் போயிருந்தது. மாமாவும் இல்லை, அக்காவும் இல்லை, ஞானம்மாவும் இல்லை. அன்றைக்கு மாமா கையில் இருந்த பிள்ளை சென்னையில் பென்ஷன் வாங்கப் போகிறான்.

ஆம்பூர் ஸ்டேஷனில் தண்ணீர் விடுகிற அந்த யானைத் துதிக்கைக் குழாயை அறுத்துப் போட்டுவிட்டார்கள். ஷெட்டில் கரி மேடு இருந்த இடத்தில் ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள். ஈயம் என்றால் பாத்திரத்துக்குப் பூசுகிறதா என்று கேட்கிறான் ரயில்வேயில் வேலை பார்க்கும் என் பேரன். மின்சார இன்ஜின் டிரைவர்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். சிக்னலுக்காகவோ பழுதாகியோ வண்டி எங்கேயாவது நடுக்காட்டில் நின்றுவிடுகிறது. போன மாதம்கூட நின்றது. வெகுநேரம் நின்றது. நான் சன்னலோரம் உட்கார்ந்து எதிர்பார்த்தேன். ஒருவரும் இறங்கி முன்னால் போய் டிரைவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமாவுக்கு இந்தக் காலம் வாய்த்திருக்கலாம்.